காட்டுக்கருணையைச் சமைத்துச் சாப்பிடலாமா?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூருக்கு மேலே மலையடிவாரத்தில் நிலம் வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார். கோடைமழை பெய்த சில நாளில், புல்லுக்கு நடுவே இலையே இல்லாமல் தரையோடு ஒட்டி ஊதா நிறத்தில் ஒரு பூ வந்ததாம். கிட்டப் போனால் செத்த எலி நாற்றம். பூ அழுகிய பிறகு அதே இடத்தில் புள்ளி விழுந்த தண்டு எழும்பி, குடை விரித்த மாதிரி ஒற்றை இலை வந்தது. தோண்டினால் கைப்பிடி அளவில் தட்டையான உருண்டைக் கிழங்கு. பக்கத்து நிலத்துக்காரர் "காட்டுக்கருணை, தாராளமா ஆக்கித் தின்னலாம்" என்கிறார். வீட்டில் மாமியார் "தொண்டை வீங்கிடும், தொடாதே" என்கிறார். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் காட்டுக் கிழங்கைச் சுட்டுத் தின்கிறார்களாமே, நாமும் சுட்டுப் பார்க்கலாமா என்பது கடைசி வரி.

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் இதில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது. நீங்கள் தோண்டியது நீங்கள் நினைக்கும் செடிதானா என்பது முதலாவது. கருணை தொண்டையில் உண்டாக்கும் அரிப்பும் விஷமும் ஒன்றா என்பது இரண்டாவது. சமைத்தால் சரியாகுமா என்பது மூன்றாவது. பக்கத்து நிலத்துக்காரர் மூன்றாவதுக்குப் பதில் சொல்கிறார், மாமியார் இரண்டாவதுக்குச் சொல்கிறார். முதலாவதை இருவருமே கேட்கவில்லை. உயிர் போகும் இடம் அந்த முதல் கேள்விதான். நான் பல வருஷம் தாவரவியல் கற்றுக்கொடுத்தவன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமிர்தி காட்டிலும் ஜவ்வாது மலையிலும் சுற்றியவன். மருத்துவன் இல்லை. அந்த வரம்பை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் செடி. இலைக்கு முன்னால் பூ, பிண நாற்றம், பிறகு அதே கிழங்கிலிருந்து ஒரே ஒரு இலை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் அது அமார்ஃபோஃபாலஸ் என்கிற பேரினம் என்பது ஏறக்குறைய உறுதி. கடையில் வாங்கும் சேனைக்கிழங்கும் இதே பேரினம்தான். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இதே குடும்பத்தில் நாற்றமடிக்கும் பூவும் ஒற்றை இலையும் கொண்ட வேறு செடிகளும் இருக்கின்றன. இலையைப் பார்த்தால் பிரித்துவிடலாம். அமார்ஃபோஃபாலஸில் தண்டின் உச்சி மூன்றாகப் பிரிந்து, அந்த மூன்றும் மறுபடி பிரிந்து, அவற்றில் சின்னச் சின்ன இலைத்துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் தண்டு என்று நினைப்பது உண்மையில் இலைக்காம்பு. முழுச் செடியும் ஒரே இலை. அந்த ஒரு இலை முறிந்தால் பெரும்பாலும் அந்த வருஷத்துக் கதை முடிந்தது, அதனால் மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்பதில் உங்கள் வர்ணனை மட்டும் போதாது. பூவின் நடுவில் சுருக்கம் விழுந்த தடித்த ஊதாக் கொண்டை இருந்ததா, அல்லது ஒல்லியாக நீண்ட குச்சி நின்றதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கொண்டை என்றால் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ், அதாவது நம் சேனையின் காட்டு வடிவம். குச்சி என்றால் சில்வாட்டிகஸ் என்ற இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டில் தானாக வளர்வது. "தரையோடு ஒட்டி ஊதாப் பூ" என்று நீங்கள் எழுதியிருப்பதால் என் ஊகம் முதலாவது பக்கம் சாய்கிறது. அடுத்தது, இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மொட்டு மொட்டாகக் கையில் உறுத்தினால் காட்டு வகை. வழவழப்பாக இருந்தால் எப்போதோ யாரோ நட்டு, நிலம் தரிசாய்ப் போனபின் தங்கிவிட்ட வீட்டுச் சேனையாக இருக்கலாம். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் கைவிட்ட கொல்லைகளில் இப்படித் தங்கிப்போன செடிகள் பார்க்கக் கிடைக்கும். சமையலறையில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம், பின்னால் சொல்கிறேன்.

அந்த நாற்றத்தைப் பற்றியும் கொஞ்சம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீங்கள் பார்த்தது ஒரு பூ இல்லை. வெளியே விரிந்த ஊதா மடல் ஒரு உறை. உள்ளே நிற்கும் தண்டில் அடியில் பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள், உச்சியில் பூவே இல்லாத அந்தக் கொண்டை. பெண் பூக்கள் முதலில் தயாராகும். அந்த நேரத்தில் கொண்டை சூடேறும், தொட்டால் தெரிகிற அளவுக்குக் கூடச் சூடாகும். அந்தச் சூட்டில் நாற்றம் ஆவியாகிப் பரவுகிறது. பிணம் என்று நம்பி வண்டும் ஈயும் உள்ளே இறங்குகின்றன. வேறு பூவிலிருந்து அவை கொண்டுவந்த மகரந்தம் பெண் பூக்களில் ஒட்டுகிறது. மறுநாள்தான் அதே தண்டின் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும், அதற்குள் பெண் பூக்களின் காலம் முடிந்துவிடும். சொந்த மகரந்தம் சொந்தப் பூவில் சேராமல் இருக்க இது ஒரு ஏற்பாடு. நாற்றம் ஒரு நாளில் அடங்கிவிட்டதே என்று வியந்திருப்பீர்கள், காரணம் இதுதான். சுமத்ரா காட்டில் 1878-ல் பெக்காரி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் கண்டெடுத்த, ஆளுயரத்தைத் தாண்டும் பிணமலரும் இதே பேரினம். லண்டன் கியூ தோட்டத்தில் அது 1889-ல் பூத்தபோது கூட்டம் கூடியது. நம் மலையடிவாரத்தில் அதன் ஒன்றுவிட்ட தம்பி வருஷா வருஷம் பூக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறோம்.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். உங்கள் நிலம் போன்ற இடத்தில், கல்லும் புல்லும் கலந்த சரிவில், கருணையோடு சேர்ந்து வேறு கிழங்குகளும் இருக்கும். அவற்றில் நான் அதிகம் பயப்படுவது செங்காந்தளுக்கு. நம் மாநில மலர், கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று பல பெயர் அதற்கு. பூத்திருக்கும்போது யாரும் ஏமாற மாட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாக மேல்நோக்கி மடிந்த இதழ், நுனியில் சுருண்டு பற்றிக்கொள்ளும் இலை. கொடி காய்ந்து மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும் மாதங்களில்தான் பிரச்சினை. அதில் கொல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. நாக்கில் கருணை போல அரிக்காது. தின்ற உடனே ஒன்றும் தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து வாந்தி, கடுமையான வயிற்றுப்போக்கு. ஒன்றிரண்டு நாளில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். தப்பிப் பிழைப்பவர்களுக்குப் பிறகு முடி கொட்டும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் உண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது நரிவெங்காயம். இதுவும் இலைக்கு முன்னால் பூக்கும், கோடை முடிவில் வரும். இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அதில் உண்டு. இதைப் பிரிப்பது சுலபம்: குறுக்கே வெட்டினால் வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக வரும். கருணை ஒரே கட்டியாக இருக்கும், அடுக்கே இருக்காது. காட்டு வள்ளி வகைகள் கொடி. அவற்றிலும் தின்னக்கூடியதும் இருக்கிறது, ஊறவைத்துக் கழுவாமல் தின்றால் வலிப்பு வரவழைக்கிற வகையும் இருக்கிறது. அதனால் "கொடியில் வந்தது வள்ளி, வள்ளி என்றால் சாப்பாடு" என்ற கணக்கு செல்லாது.

கருணைக் கிழங்குக்கு உள்ள அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலும் கீழும் அமுங்கிய உருண்டை. மேல் பக்கத்தின் நடுவில் ஒரு குழி, அதில் முளை. வேர்கள் அடியிலிருந்து வராது, மேல்பக்கம் அந்த முளையைச் சுற்றித்தான் கிளம்பும். இது நல்ல அடையாளம், புதிதாகத் தோண்டும்போது கட்டாயம் பாருங்கள். பக்கவாட்டில் குட்டிக் கிழங்குகள் ஒட்டியிருக்கலாம். செங்காந்தளின் கிழங்கு உருண்டை இல்லை. விரல் போல நீண்டு, ஏர்க்கலப்பை மாதிரி இரண்டு கையாக மடங்கியிருக்கும், முளை நுனியில் இருக்கும். முழுதாக எடுத்தால் வித்தியாசம் தெரியும். மண்வெட்டி பட்டுத் துண்டாகிவிட்டால் தெரியாது. அதனால் என் விதி இது: இலையோ பூவோ கண்ணால் பார்த்து அடையாளம் வைத்த இடத்தில் எடுத்த கிழங்கைத் தவிர வேறு எதையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். மலையில் கிழங்கு எடுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களோடு போனால் இதைக் கவனிக்கலாம். அவர்கள் கிழங்கைத் தேடிப் போவதில்லை, மழைக்காலத்தில் செடியைப் பார்த்து வைத்த இடத்துக்குப் போகிறார்கள். பெரியவர்கள் காய்ந்த கொடியின் நார் ஒன்றை வைத்தே சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் வாழ்நாள் பழக்கம், நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இனி ஆப்பிரிக்கா. நீங்கள் படித்தது பொய் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கும் எஸ்வாட்டினிக்கும் எல்லையில் பார்டர் குகை என்று ஒரு இடம் உண்டு. அங்கே கருகிய தண்டுக்கிழங்குகள் கிடைத்தன, 2020-ல் ஆய்வாக வெளிவந்தது. சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்னால் மனிதர்கள் ஹைபாக்ஸிஸ் என்ற புல்வெளிச் செடியின் கிழங்கைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். நட்சத்திரம் போன்ற மஞ்சள் பூ, புல் போன்ற இலை. அதே குடும்பத்துச் செடி உங்கள் நிலத்திலேயே இருக்கலாம்: நிலப்பனை. அதே மாதிரி மஞ்சள் பூ, தரையோடு ஒட்டிப் பூக்கும். ஆனால் ஹைபாக்ஸிஸைச் சுட்டுத் தின்றார்கள் என்பதால் நிலப்பனையைச் சுட்டுத் தின்னலாம் என்று ஆகாது. நம்மிடம் அது மருந்துச் சரக்காகவே புழங்குகிறது, சாப்பாடாக அல்ல. இன்னொரு உதாரணம் பயமுறுத்தும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் மொரேயா என்ற பேரினத்தில் ஒரு இனத்தின் கிழங்கை மக்கள் காலங்காலமாகத் தின்றிருக்கிறார்கள். அதே பேரினத்தின் வேறு சில இனங்கள் மாடுகளைக் கொல்லும், அங்கே கால்நடைக்காரர்கள் அவற்றைப் பெயர் சொல்லி அஞ்சுவார்கள். பூவைப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. உறவுமுறையை வைத்துச் சாப்பாட்டைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. நர்சரியில் வாங்கும் கிளாடியோலஸ் கிழங்கைத் தின்னலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் காட்டு கிளாடியோலஸ் ஒன்றின் கிழங்கை வேகவைத்து நீர் வடித்துத் தின்பது சில இடங்களில் உண்டு. நர்சரிக் கிழங்கு பல இனங்களின் கலப்பு, அதோடு பூஞ்சைக்கொல்லியில் நனைத்து விற்பது. தொட்டியில் வையுங்கள், தட்டில் வேண்டாம்.

சுடுவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஹைபாக்ஸிஸுக்குச் சுடுவது போதும். காட்டுக்கருணைக்குச் சுடுவது மட்டும் போதாது, ஏனென்றால் இதில் உள்ள தொல்லை வேறு வகை.

அந்தத் தொல்லையின் பெயர் கால்சியம் ஆக்ஸலேட். கிழங்கின் சில செல்களில் அது ஊசி ஊசியாக, கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அவ்வளவு அழகு. செல் உடைந்ததும் ஊசிகள் வெளிவந்து நாக்கிலும் தொண்டையிலும் தைக்கின்றன. அதுதான் அரிப்பு, காறல். இதுவரை உறுதி. ஊசி குத்துவது மட்டுமே காரணமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. சேம்பில் செய்த ஆய்வுகளில், புரதத்தைச் செரிக்கும் ஒரு நொதி ஊசிகளோடு சேர்ந்து இருப்பதாகவும், ஊசி போட்ட துளை வழியே அது உள்ளே போவதால்தான் அரிப்பு அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். கருணையிலும் அப்படித்தான் என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

புளி ஏன் வேலை செய்கிறது என்பதும் அப்படியே. புளி ஊசியைக் கரைத்துவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். கால்சியம் ஆக்ஸலேட் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாத உப்பு. ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரைந்தால் அதிகம். புளியின் அமிலம் மென்மையானது, அரைமணி நேரத்தில் ஊசிகளை எல்லாம் கரைத்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நொதியை முடக்குவது, வெந்த மாவுச்சத்து ஊசிகளைப் பற்றிக்கொள்வது, ஊசிகள் நீரோடு வடிந்துபோவது எல்லாம் சேர்ந்து நடக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் புளி பலன் தருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நம் ஊர்க் கருணைக்கிழங்குப் புளிக்குழம்பு ருசிக்காக மட்டும் புளிக்குழம்பு ஆகவில்லை.

சமையலுக்கு வருவோம். காட்டு வகை என்றால் நான் பார்த்த வீடுகளில் செய்வது இப்படி. தோண்டிய கிழங்கை உடனே ஆக்குவதில்லை. மண்ணைத் தட்டி, நிழலில் காற்றாடச் சில வாரம் போட்டுவைக்கிறார்கள். பழசானால் காறல் குறையும் என்பது எல்லா ஊரிலும் சொல்வது, பிடிகருணைக்கும் இதே பழக்கம்தான். வெட்டும்போது கை ஈரமாக இருக்கக்கூடாது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளலாம், உறை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. தோலைத் தடிப்பாகச் சீவவேண்டும், முளை இருக்கும் நடுப்பகுதியைத் தாராளமாகக் குடைந்து எடுத்துவிட வேண்டும். துண்டுகள் சிறியதாக இருக்கட்டும். அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வாய் அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு, மறுபடி புளியும் மஞ்சளும் போட்டு வேகவைக்க வேண்டும். மலையில் புளியிலையைப் போட்டு வேகவைப்பவர்களும் உண்டு. வெந்ததும் நீரை வடித்துக் கொட்டவேண்டும். அப்புறம் புது நீரில் இன்னொரு முறை. குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டு அந்த நீரையே குழம்பில் சேர்ப்பது கடைச் சேனைக்குச் சரி, இதற்குச் சரிவராது. கரையாத ஊசிகள் தவிர, நீரில் கரையக்கூடிய ஆக்ஸலேட்டும் கிழங்கில் உண்டு, அதில் பெரும்பங்கு அந்த வடிநீரில்தான் இறங்குகிறது.

இவ்வளவு செய்த பிறகு ஒரு சின்னத் துண்டை உதட்டில் தேய்த்து, கால்மணி நேரம் பொறுத்து, பிறகு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுகுறுப்பு இருந்தால் மறுபடி வேகவைக்கலாம். அப்படியும் போகாவிட்டால் கொட்டிவிடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. இங்கே ஒன்றைக் கோடிட்டுச் சொல்கிறேன். இந்த உதட்டுச் சோதனை காறல் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். விஷம் இருக்கிறதா என்று சொல்லாது. செங்காந்தள் இந்தச் சோதனையில் சத்தமில்லாமல் தேறிவிடும். எலி தின்றது, பன்றி தோண்டியது, அதனால் நல்ல கிழங்கு என்ற கணக்கும் அப்படித்தான். பன்றியின் வயிறும் நம் வயிறும் ஒன்றில்லை.

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சரியாக வேகாத காட்டுக்கருணை தொண்டையை வீங்கவைக்கும். பெரும்பாலும் வாயும் நாக்கும் எரிந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். குளிர்ந்த மோரோ தயிரோ கொஞ்சம் ஆறுதல் தரும். ஆனால் குரல் மாறினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு இழுத்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எது கிட்டேயோ அங்கே போங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், ஊசிகள் தொண்டை வழியே இரண்டாவது முறை வரும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும், கிடைத்தால் இலையையும் கூடவே எடுத்துப் போங்கள். அது கருணையா கலப்பைக் கிழங்கா என்று மருத்துவருக்குத் தெரிவது சிகிச்சையையே மாற்றும். தின்று பல மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் அது கருணையின் வேலை போல இல்லை. அப்போது நேரத்தைக் கடத்தவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கிழங்கை, கடையில் வாங்கியதையும் சேர்த்து, மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டு வகை வேண்டவே வேண்டாம், தொண்டை சிறியது, சொல்லவும் தெரியாது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன என்று கேட்டால், பெரும்பங்கு தண்ணீர், மீதி மாவுச்சத்து, கொஞ்சம் நார். சேனையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி வரும். பஞ்ச காலத்தில் அது பெரிய விஷயம். சாமை தீர்ந்துபோன வீட்டுக்கு அது உயிர். இன்றைக்கு வேலூர் மார்க்கெட்டில் சேனை கிடைக்கும்போது காட்டுக்கருணையை ஆக்குவது ஆசைக்காக மட்டுமே. மூலத்துக்கு நல்லது என்று சித்த மருத்துவத்தில் கருணை லேகியம் கொடுப்பது உண்மை. ஆனால் அது பக்குவம் தெரிந்தவர் செய்வது, நிலத்தில் தோண்டியதை நாமே கிண்டிச் சாப்பிடுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. இன்னொரு புரளியும் சுற்றுகிறது: காட்டுக்கருணையில் ஜப்பான்காரர்களின் கொன்யாகு நூடுல்ஸ் செய்யலாம், உடம்பு இளைக்கும் என்று. கொன்யாகு இதே பேரினத்தின் வேறு இனம். அதில் குளுகோமன்னன் என்ற நார்ப்பொருள் நிறைய உண்டு. நம் சேனையில் முக்கியமாக இருப்பது மாவுச்சத்து. இதைத் தின்று இளைக்க வழியில்லை.

நிலம் பட்டா நிலம் என்றால் தோண்டுவது உங்கள் இஷ்டம். வேலியைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போய்த் தோண்டினால் வனத்துறை வழக்குப் போடும். மலைவாழ் மக்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்களை எடுக்கும் உரிமையைத் தருகிறது, அந்தப் பட்டியலில் கிழங்குகளும் இருக்கின்றன. அது நமக்குப் பொருந்தாது. பட்டா நிலத்திலும் எல்லாவற்றையும் தோண்டிவிடாதீர்கள். இந்தச் செடி வருஷா வருஷம் பழைய கிழங்கைக் கரைத்துவிட்டு அதன் மேலேயே புதுக் கிழங்கு கட்டுகிறது. இலை பச்சையாக இருக்கும்போது தோண்டினால் பாதி கட்டிய கிழங்குதான் கிடைக்கும், செடியும் போகும். இலை மஞ்சளாகிச் சாயும் வரை, கார்த்திகை மார்கழி வரை, பொறுங்கள். இலை இருக்கும்போதே பக்கத்தில் ஒரு கல்லோ குச்சியோ நட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அப்புறம் இடம் தெரியாது. குட்டிக் கிழங்குகளை அதே குழியில் திருப்பிப் போடுங்கள். பூத்த செடியில் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழக்குலை வந்தால் விட்டுவிடுங்கள், பறவைகள் தின்று விதை பரப்பும். பார்க்க ஆசையாக இருக்கும் அந்தப் பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குத்தான் வேண்டும் என்றால் என் யோசனை வேறு. அந்த நிலத்தில் மண் ஆழமும் வடிகாலும் இருக்கும் மூலையில் கஜேந்திரா ரகச் சேனையை நடுங்கள். ஆந்திராவின் கொவ்வூரில் தேர்ந்தெடுத்த ரகம், காறல் மிகக் குறைவு. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ பத்மாவும் நல்ல ரகம். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எடையுள்ள துண்டு, ஒவ்வொன்றிலும் நடு முளையின் ஒரு பகுதி கட்டாயம் இருக்கவேண்டும். சாணிக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, மூன்றடிக்கு ஒன்றாக மாசி பங்குனியில் நட்டால், எட்டு ஒன்பது மாதத்தில் பொங்கல் கூட்டுக்குக் கிழங்கு வந்துவிடும். தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது, தேங்கினால் தண்டின் அடி அழுகும் காலர் அழுகல் நோய் வரும்.

காட்டுக் கிழங்கையும் ஒருமுறை ருசி பார்த்தே ஆகவேண்டும் என்றால், அதற்கு முன் நான்கு படம் போடுங்கள்: முழு இலை மேலிருந்து, காம்பின் கிட்டத்துப் படம், கிழங்கின் மேல்பக்கம் முளையும் வேரும் தெரிய, குறுக்கே வெட்டிய முகம். போன வருஷத்துப் பூவின் படம் போனில் இருந்தால் அதையும் சேருங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெங்காயத்துக்கு எடுத்துவிடாதீர்கள், வீட்டில் பெரிய சண்டையே வரும்.